வெறுந்தண்ணீரில் விளைவதை எண்ணுவது எப்படி: முதல்முறை ஆய்வுக் கப்பலேறும் மாணவர்களுக்கு

ஏப்ரல் மாதத்தில் அரபிக்கடலின் நடுப்பகுதி கழுவித் துடைத்த கண்ணாடி போலக் கிடக்கும். காற்று இருக்காது, நிறம் கருநீலம். 20 மைக்ரான் வலையைப் போட்டு இழுத்தால் அடிக்குவளையில் ஒன்றிரண்டு டயாட்டமும் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) கொஞ்சம் கோபிபாடும் (மிகச் சிறு ஓட்டுயிரி) தேறும். என் முதல் பயணத்தில் அந்தத் தண்ணீரை நான் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போலப் பிடித்துக்கொண்டிருந்தேன். வின்ச் இயக்கிக்கொண்டிருந்த தூத்துக்குடி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, வெறுந்தண்ணியப் போயி எதுக்கு இம்புட்டுப் பக்குவமாப் பிடிக்கிய?" என்று கேட்டார்.

அந்த வெறுந்தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் ப்ரோக்ளோரோகாக்கஸ் இருக்கலாம். ஒரு சொட்டுக்குச் சுமார் ஐயாயிரம். ஒவ்வொன்றும் அரை மைக்ரானுக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள பாக்டீரியா. ஒவ்வொன்றும் பச்சையம் வைத்துக்கொண்டு வெயிலில் சமைக்கிறது. உலகக் கடல்களில் இவற்றின் தொகை 3-க்குப் பின் 27 சுழியம் என்ற அளவில் மதிப்பிடப்பட்டிருக்கிறது. வடக்கு, தெற்கு இரண்டிலும் 40 டிகிரி வரை பரவியிருக்கிற இந்த இனமும் இதன் பெரிய உறவான சினெகோகாக்கஸும் சேர்ந்து கடலின் நிகர உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கைச் செய்கின்றன என்பது 2013-இல் வந்த கணக்கு. பைட்டோபிளாங்க்டன், அதாவது வெயிலில் சமைக்கும் மிதவை நுண்ணுயிர், என்றதும் பாடப்புத்தகத்து டயாட்டம் நினைவுக்கு வருகிறதே, அது கரையோரத்துக்கும் மழைக்காலத்துக்கும் பொருந்தும். நடுக்கடலின் அன்றாடச் சோறு இந்தப் பாக்டீரியாக்கள்.

இவற்றை எண்ணுவதில் ஒரு சிக்கல். இவை கிடைக்காமல் போவது மிகச் சுலபம். வலை விட்டுவிடும், கண் விட்டுவிடும், கருவியும் விட்டுவிடும். நான் ஒருமுறை விட்டிருக்கிறேன். ஆகவே, "இல்லை" என்று எழுதும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பின் உயிர்.

கிளம்பும் முன்

மாதிரிப் பாட்டில்களைப் பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, மில்லி-க்யூ என்ற மிகத் தூய தண்ணீரில் பலமுறை அலசி, மூடி போட்டுப் பையில் கட்டுங்கள். கிரையோ குப்பிகளில் நிலையம் (கப்பல் நின்று மாதிரி எடுக்கும் இடம்), ஆழம், நகல் எண் மூன்றையும் கரையிலேயே எழுதிவிடுங்கள். சாதாரண மார்க்கர் திரவ நைட்ரஜனில் உதிர்ந்துவிடும். குளிர் தாங்கும் பேனா அல்லது அதற்கான ஒட்டுச்சீட்டு வேண்டும். மூடியிலும் ஒரு எண், உடம்பிலும் அதே எண். ஆழத்துக்கு இரண்டு குப்பி என்றுதான் எல்லாரும் திட்டம் போடுவார்கள். நீங்கள் மூன்று போடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எந்த ஆழத்தில் பிடிப்பது

சிடிடி ரோசெட், அதாவது உணரிகளும் நீர் பிடிக்கும் பாட்டில்களும் கட்டிய சட்டம், கீழே இறங்கும்போது திரையில் வெப்பம், உப்பு, ஆக்சிஜன், ஃப்ளோரெசன்ஸ் (பச்சையத்தின் ஒளிர்வு) கோடுகள் வரையப்பட்டுக்கொண்டே போகும். அப்போது பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டில்களை மூடுவது மேலேறும்போது. 5, 20, 40 மீட்டர், ஃப்ளோரெசன்ஸ் உச்சம், அந்த உச்சத்துக்குப் பத்து மீட்டர் மேலும் கீழும், பிறகு 100, 120, 150, 200 என்பது என் வழக்கம்.

நண்பகலில் மேற்பரப்பு ஃப்ளோரெசன்ஸை நம்பாதீர்கள். கடும் வெயிலில் செல்கள் தங்களுக்கு வேண்டாத ஒளியை வெப்பமாகக் கழித்துவிடுவதால், பச்சையம் இருந்தும் ஒளிர்வு குறைந்து தெரியும். விடியும் முன் ஒரு சிடிடி இறக்க முடிந்தால் தலைமை விஞ்ஞானியிடம் கேட்டு வாங்குங்கள். தூக்கம் போகும். ஆனால் கோடு நேர்மையாக இருக்கும்.

அரபிக்கடலுக்கு இன்னொன்று உண்டு. நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் நூறு மீட்டரைத் தாண்டியதும் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நீர் தொடங்குகிறது. அந்த அடுக்கின் மேல்விளிம்பில், வெளிச்சம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போன இடத்தில், சில நிலையங்களில் ஃப்ளோரெசன்ஸ் இரண்டாவது முறையாகச் சின்னதாக மேடு கட்டும். கருவிக் கோளாறு என்று கடந்துவிட வேண்டாம். மங்கலான ஒளிக்கென்றே பழகிய ப்ரோக்ளோரோகாக்கஸ் வகைகள் அங்கே கூட்டமாக வாழ்கின்றன. 1990-களில் ஜேகாஃப்ஸ் என்ற பன்னாட்டுக் கடலாய்வுத் திட்டம் நடத்திய பயணங்களின் மாதிரிகளில் இது பதிவாகியிருக்கிறது. மேடு தெரிந்தால் ஒரு பாட்டிலை அங்கே மூடுங்கள்.

பிடிப்பதும் உறைய வைப்பதும்

ரோசெட் தளத்துக்கு வந்ததும் முதலில் ஆக்சிஜன்காரர்கள் பிடிப்பார்கள். அந்த வரிசையை மீறக் கூடாது. உங்கள் முறை வந்ததும் சிறு பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரப்பி, கறுப்புப் பையில் போட்டு உள்ளே கொண்டுபோங்கள். 100 மீட்டரில் இருட்டுக்குப் பழகிய செல்லைத் தளத்து வெயிலில் ஐந்து நிமிடம் வைத்தால் அதன் நிறமி சிதையும்.

குப்பிக்கு ஒரு மில்லிலிட்டர் தண்ணீர். அதில் 25 சதவீதக் குளூட்டரால்டிஹைடு 10 மைக்ரோலிட்டர். கடைசிச் செறிவு 0.25 சதவீதம் வரும். மூடி, மெதுவாகத் தலைகீழாக்கிக் கலந்து, இருட்டில் பத்து நிமிடம். பிறகு நேராகத் திரவ நைட்ரஜன். கரைக்குப் போனதும் மைனஸ் 80. இடையில் மைனஸ் 20 பெட்டியில் "கொஞ்ச நேரம்" வைக்கிற பழக்கம் வேண்டாம். மெதுவாக உறையும்போது பனிப்படிகம் வளர்ந்து செல்லைக் கிழித்துவிடும். கிழிந்த செல்லைப் பிற்பாடு எந்தக் கருவியும் எண்ணித் தராது.

குளூட்டரால்டிஹைடு கண்ணையும் மூச்சையும் தாக்கும். ஃப்யூம் ஹூட், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். திரவ நைட்ரஜன் ஆவியாகி மூடிய அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். கப்பல் ஆய்வகம் சிறியது. கதவைத் திறந்து வையுங்கள், தனியாக நிரப்பாதீர்கள். நைட்ரஜனிலிருந்து வெளியே எடுக்கும் குப்பி வெடிக்கவும் கூடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுங்கள்.

ஆரஞ்சுப் புள்ளிகள்

கப்பலிலேயே கண்ணால் பார்க்கக்கூடியது சினெகோகாக்கஸ். வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் ஜான் வாட்டர்பரி 1977-இல் இதை ஒளிர்வு நுண்ணோக்கியில் கண்டது இதே அரபிக்கடல் தண்ணீரில்தான். 1979-இல் அறிவித்தார்கள். அதுவரை நடுக்கடலில் இப்படி ஒரு கூட்டம் இருப்பது தெரியாது. நாம் நிற்கிற இடத்தின் சரித்திரம் இது. நுண்ணோக்கியை ஏற்றும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

0.2 மைக்ரான் துளையுள்ள கறுப்பு பாலிகார்பனேட் வடிதாள், 25 மி.மீ. 20 மி.லி. தண்ணீரை மெல்லிய உறிஞ்சலில், 100 மி.மீ. பாதரசத்துக்கு மிகாமல் வடியுங்கள். சாயம் எதுவும் போட வேண்டாம், நிறம் அதனுடையது. ஒளிர்வில்லாத எண்ணெய் ஒரு சொட்டு, மேலே கவர் கிளாஸ், 100 மடங்கு லென்ஸ், நீல ஒளி. ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறமியால் ஒவ்வொரு செல்லும் ஆரஞ்சாக எரியும். பிரியும் நிலையில் இருப்பவை இரட்டைப் புள்ளியாக, நடுவே இடுப்பு ஒடுங்கித் தெரியும். அன்று இரவு அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ராத்திரி கரையில நின்னு பாத்தா தூரத்துல வள்ளத்து வெளக்குத் தெரியும்லா, அப்படியில்லா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு என் பாட்டில்கள் மூடுகிற ஆழத்தில் வின்ச் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும். நான் கேட்காமலே நிறுத்துவார்.

கணக்கு இப்படி. வடிதாளில் தண்ணீர் இறங்கும் வட்டத்தின் விட்டம் 17 மி.மீ. என்றால் பரப்பு 227 சதுர மி.மீ. கண்வில்லைக் கட்டத்தின் பக்கம் 0.1 மி.மீ. என்றால் 0.01 சதுர மி.மீ. ஆக வடிதாளில் 22,700 கட்டங்கள். ஒரு கட்டத்துக்குச் சராசரி 18 செல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 18-ஐ 22,700-ஆல் பெருக்கி 20 மி.லி.-ஆல் வகுத்தால் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20,400. குறைந்தது 20 கட்டம், 300 செல் எண்ணுங்கள். வட்டத்தின் விளிம்பைத் தவிருங்கள்.

இந்த முறையில் ப்ரோக்ளோரோகாக்கஸ் அகப்படாது. சிவப்பாக மினுங்கி, கண் பதியும் முன்பே அணைந்துவிடும்.

ட்ரைகோடெஸ்மியத்துக்குத் தனி வழி

இன்டர்-மான்சூன் காலத்தில், அதாவது மார்ச் முதல் மே வரை, கடல்மேல் வைக்கோல் தூள் போலப் பட்டைபட்டையாக மிதப்பது ட்ரைகோடெஸ்மியம். இழைகள் கற்றையாகவோ பஞ்சுப் பந்தாகவோ சேர்ந்திருக்கும், ஒரு கற்றை கண்ணுக்கே தெரியும். கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவைப் பிடித்து உரமாக்குகிற இனம் இது. நைட்ரேட் இல்லாத மேல்நீரில் மற்றவர்களும் பிழைக்க அதில் ஒரு பங்கு கசிந்து போகிறது. ரோசெட்டில் உள்ள நிஸ்கின் பாட்டிலை மட்டும் நம்பினால் குறைவாகக் கிடைக்கும். பட்டைகள் சீராகப் பரவியிருப்பதில்லை. கப்பலின் பக்கவாட்டில் வாளி இறக்கி மேல்நீரை எடுங்கள். ஐந்து லிட்டரை 10 மைக்ரான் தாளில் வடித்து, கற்றைகளையும் தனி இழைகளையும் வேறுவேறாக எண்ணுங்கள். மாதிரியைத் தேக்கி வைத்தால் செல் உடைந்து நிறமி வெளியேறித் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். அப்படி ஆனால் அந்த மாதிரி போயிற்று.

நைட்ரஜன்-15 வாயுவைக் குமிழியாகச் செலுத்தி அளப்பவர்கள் கவனிக்க: குமிழி கரைய மணிக்கணக்கில் ஆகும், அளவு குறைந்து வரும். வாயுவை முன்பே கரைத்த கடல்நீரைச் சேர்ப்பது சரியான முறை.

நைட்ரஜன் பிடிப்பவர்கள் இவர்கள் மட்டுமல்ல. யுசின்-ஏ என்று மரபணுத் துணுக்கால் மட்டும் பல வருடம் அறியப்பட்டிருந்த சயனோபாக்டீரியம் ஒன்று உண்டு. ஒரு பாசியின் செல்லுக்குள் உறுப்பாகவே மாறிவிட்டது என்று 2024-இல் காட்டினார்கள். நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர். நம் வடிதாள்களில் இருக்கிற மரபணு மாதிரியை இனி தூக்கிப் போட முடியாது.

யார் தின்கிறார்கள்

எண்ணிக்கை அசையாமல் இருந்தால் வளர்ச்சி இல்லை என்று பொருளில்லை. ப்ரோக்ளோரோகாக்கஸ் வழக்கமாக நாளுக்கு ஒருமுறை, பொழுது சாயும் நேரத்தில் பிரியும். இரண்டு மூன்று மைக்ரான் அளவுள்ள கசையிழை உயிரிகளும் வைரஸ்களும் ஏறக்குறைய அதே வேகத்தில் தீர்த்துவிடும். இரண்டையும் பிரித்தறிய நீர்த்தல் சோதனை. முழுக் கடல்நீரை 0.2 மைக்ரானில் வடித்த அதே நீரோடு 100, 75, 50, 25 சதவீதமாகக் கலந்து, தளத்துத் தொட்டியில் கடல்நீர் ஓடவிட்டு, நீல வடிகட்டி போர்த்தி 24 மணி நேரம் வையுங்கள். தின்னி குறைந்த பாட்டிலில் செல் கூடும். நிகர வளர்ச்சியை முழுக் கடல்நீரின் பங்குக்கு எதிராக வரைந்தால், கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம் வளர்ச்சி வேகம், சாய்வு மேய்ச்சல் வேகம்.

நாளுக்கு ஒரு பிரிவு என்றால் வளர்ச்சி 0.69. உங்களுக்கு 1.5 வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். தொட்டியின் வெளிச்சம் 5 மீட்டர் ஆழத்தைவிடக் குறைவாக இருந்தால் செல்கள் ஒரே நாளில் கூடுதல் பச்சையம் சேர்த்துக்கொள்ளும். முதல் நாள் கருவிக்குத் தெரியாதவை மறுநாள் தெரியத் தொடங்கும். பிறந்ததாகக் கணக்கில் ஏறுவது உண்மையில் கண்ணுக்குத் தட்டுப்பட்டதுதான்.

உயிரோடு வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இதன் மேல்நீர் வகைகளுக்கு 1,700 மரபணு அளவில்தான் சொத்து. ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியும் இல்லை. சுற்றியுள்ள மற்ற பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. இது கசியவிடும் கரிமத்தை அவை உண்கின்றன. துணைப் பாக்டீரியாவை முழுக்க நீக்கிச் சுத்தமாக வளர்க்கப் போனால் பெரும்பாலும் செத்துவிடும்.

சைட்டோமீட்டர் முன்

கரைக்கு வந்தாயிற்று. இனி சைட்டோமீட்டர், செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணும் கருவி. 488 நானோமீட்டர் நீல லேசர், சிவப்பு ஒளிர்வில் ட்ரிகர் (எந்த வரம்புக்கு மேல் கருவி பதிவு செய்ய வேண்டும் என்பது). தினமும் ஒரு மைக்ரான் அளவுள்ள ஒளிரும் பிளாஸ்டிக் மணிகளை ஓட்டி அவை விழும் இடத்தைக் குறியுங்கள். ஓட்ட வேகத்தைத் திரையிலிருந்து எடுக்காதீர்கள். குழாயைப் பத்து நிமிட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போட்டுக் கண்டுபிடியுங்கள். நிமிடத்துக்கு 0.03 மி.லி. வீதம் மூன்று நிமிடம் ஓடி 7,200 செல் பதிவானால் மில்லிலிட்டருக்கு 80,000. நிலைப்படுத்தியான குளூட்டரால்டிஹைடு சேர்த்ததற்கு 1.01-ஆல் பெருக்குங்கள்.

வரைபடத்தில் ஆரஞ்சுக்கு எதிராகச் சிவப்பு. சினெகோகாக்கஸ் உயரத்தில் தனித் தீவு. நுண்பாசிகள் சிவப்பு மிகுந்த பக்கத்தில் சிதறல். ப்ரோக்ளோரோகாக்கஸ் கீழே, கருவியின் சொந்த மின் இரைச்சலின் வேலியோரம்.

வரிசைதான் இங்கே முக்கியம். ஆழமான மாதிரியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். 100 மீட்டர்ச் செல் பச்சையம் நிரம்பியது, வரைபடத்தில் அதன் புள்ளிக்கூட்டம், அதாவது மேகம், பளிச்சென்று நிற்கும். 60 மீட்டரில் அதே மேகம் ஒரு விரற்கடை இறங்கும். 40-இல் இன்னும் கொஞ்சம். 20-இல் அடிவயிறு இரைச்சலைத் தொடும். 5 மீட்டரில் பாதி மூழ்கியிருக்கும். அந்த இறக்கத்தைக் கண்ணால் தொடர்ந்து வந்தவருக்கு 5 மீட்டரில் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். எடுத்த எடுப்பில் 5 மீட்டரை ஓட்டுபவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. 1980-களின் நடுவில் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் கப்பலில் இந்தக் கருவியை ஓட்டியபோது, இந்தச் செல்களின் சிறு சமிக்ஞையை முதலில் மின்னணு இரைச்சல் என்றே எண்ணினார்கள். ஆழத்தோடு அது ஒழுங்காக மாறுவதைப் பார்த்துத்தான் உயிர் என்று பிடித்தார்கள். 1988-இல் வெளியிட்டார்கள்.

மேகம் மூழ்கினால் சிவப்பு ஒளியை உணரும் குழாயின் வோல்டேஜை ஏற்றி, ட்ரிகர் வரம்பை இறக்குங்கள். 0.2 மைக்ரானில் வடித்த கடல்நீரை அதே அமைப்பில் ஓட்டி, அதில் வரும் இரைச்சலைக் கழியுங்கள். ஒரே நிலையத்தின் நிறமி மாதிரி எச்பிஎல்சி-யில் (நிறமிகளைப் பிரித்து அளக்கும் கருவி) இருந்தால் டைவினைல் குளோரோஃபில்-ஏ பாருங்கள். நடுக்கடலில் அந்த நிறமி ப்ரோக்ளோரோகாக்கஸின் கையெழுத்து. நிறமி இருந்து எண்ணிக்கை பூஜ்யம் என்றால் தவறு உங்கள் வரம்பில்.

எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடவும் வேண்டாம். ப்ரோக்ளோரோகாக்கஸ் செல்லுக்கு 50 ஃபெம்டோகிராம் கரிமம், சினெகோகாக்கஸுக்கு 250 என்ற வழக்கமான மாற்று எண்களை எடுத்தால், முன்னது ஒரு லட்சமும் பின்னது இருபதாயிரமும் ஒரே எடை. லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். படத்தில் உயரமான கம்பம் எது என்பதை வைத்து ஆதிக்கம் சொல்பவர்களின் கட்டுரைகளை நான் இரண்டாம் முறை படிக்கிறேன்.

இனி அந்த மூன்றாவது குப்பி. என் முதல் தொடரில் ஐந்து நிலையங்களின் 5 மீட்டர் மாதிரிகளில் ப்ரோக்ளோரோகாக்கஸ் பூஜ்யம் என்று அட்டவணை போட்டு, அத்தியாயமும் எழுதி, வெயில் கொல்கிறது என்று விளக்கமும் வைத்திருந்தேன். நான்கு மாதம் கழித்து நிறமி முடிவுகள் வந்தன. ஐந்திலும் டைவினைல் குளோரோஃபில்-ஏ. பழைய கோப்புகளைத் திறந்தேன். வரம்புக்குக் கீழே விழுந்ததைக் கருவி பதிவே செய்திருக்கவில்லை, மீட்க ஒன்றுமில்லை. இரண்டு நகல்களும் ஓட்டித் தீர்ந்திருந்தன. மூன்று நிலையங்களுக்கு மட்டும் பிசகிப் போய் ஒரு குப்பி கூடுதலாகப் பிடித்திருந்தேன். மைனஸ் 80 பெட்டியின் அடித்தட்டில், உறைபனிக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கரைத்து, வோல்டேஜ் ஏற்றி, 100 மீட்டரிலிருந்து படிப்படியாக மேலே வந்து ஓட்டினேன். மேகம் மூன்றிலும் இருந்தது. மற்ற இரண்டு நிலையங்களுக்கு என் ஆய்வேட்டில் கோடு போட்டு "அளக்கப்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.